வழுக்குப்பாறையில் ஒரு லைன்மேன்

போன வைகாசியில் என் மகள் என்னை ஒரு மலை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஜெர்மனியில் வேலை பார்க்கிறவள். நான் அங்கே போயிருக்கும்போது லீவு கிடைத்தால் என்னைக் காரில் ஏற்றி எங்கேயாவது கொண்டுபோய் இறக்கிவிடுவாள். இந்த முறை அட்ரியாட்டிக் கடல். கடலின் பெயரைப் பலமுறை சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். என் வாயில் அது ‘அத்திரி’ என்ற அளவில் நின்றுவிட்டது. நம் மரக்காணத்துக் கடல் மாதிரி அது இரைவதில்லை. பெரிய ஏரி போலச் சத்தம் காட்டாமல் கிடந்தது. அதைப் பார்த்தபடி ஒரு மலை. மலையின் விலாவில் ஒட்டிக்கொண்டு அந்த ஊர்.

ஊர் முழுக்கக் கல். தெருவும் கல், சுவரும் கல், உட்காரும் இடமும் கல். ஒரு வீட்டின் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டின் வாசல் இருந்தது. எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். வாசலுக்கு வாசல் பூனை. சுவர் இடுக்கிலிருந்து அத்திமரம் எட்டிப் பார்த்தது. பழைய காலத்தில் கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து, கரையில் இருந்த ஜனங்கள் மேலே ஏறி இந்த ஊரைக் கட்டிக்கொண்டார்களாம். நுழைவாயிலில் இருந்த பலகையைப் படித்து மகள் சொன்னாள். பயந்து கட்டிய ஊரா இது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பயந்தவர்கள் அவசரத்தில் இவ்வளவு ஒழுங்காகக் கல் அடுக்குவார்களா?

எனக்கு ஒரு பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் கரண்ட் ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்றுதான் முதலில் அண்ணாந்து பார்ப்பேன். லைன்மேன் பெண்டாட்டி புத்தி. அந்த ஊரில் ஒயரே கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும் சுவருக்குள் மறைத்துவிட்டார்கள். கோயில் மணிக்கூண்டைப் பார் என்று மகள் கையைக் காட்டுகிறாள், நான் கம்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மேலே போய்விட்டுத் திரும்பும்போது தூறல் போட்டது. அந்தப் படிகள் எத்தனையோ தலைமுறை மிதித்து மிதித்து வெண்ணெய் தடவியது போல ஆகியிருந்தன. வெயிலில் காய்ந்த கல்லில் முதல் தூறல் விழுந்தால் ஒரு வாசனை வரும், உங்களுக்குத் தெரியுமா? மண்வாசனை வேறு, இது வேறு. மண்வாசனை வந்தால் எனக்குப் பசிக்கும். இந்தக் கல்வாசனை வந்தால் முதுகுத்தண்டு ஜில்லென்று ஆகும். ஆகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னம்மா, மயக்கமா வருதா?” என்று மகள் பதறினாள்.

“மயக்கம் இல்ல. உங்கப்பா ஞாபகம் வந்துடிச்சி. பெருமுக்கல் மலைல நடந்தது.”

“அப்பாவா? மலையிலயா? பல்பு மாத்த ஸ்டூல் மேலகூட ஏற மாட்டாரே!”

அவளுக்குத் தெரியாது. யாருக்குமே சொன்னதில்லை. அந்தப் படியில் உட்கார்ந்து, தூறலில் நனைந்துகொண்டே அவளுக்குச் சொன்னேன். அதையேதான் இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் விழுப்புரத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு ரயில்வே லோகோ ஷெட்டில் வேலை. எங்கள் வீட்டில் சோறு, துணி, தலைமுடி எல்லாவற்றிலும் கரிப்புகை வாசனை அடிக்கும். வெள்ளைப் பாவாடை என்று ஒன்றை நான் கட்டியதே கிடையாது. கட்டினால் சாயங்காலத்துக்குள் அது சாம்பல் பாவாடை. அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஆனி மாதம், எனக்குக் கல்யாணமாகித் திண்டிவனத்துக்கு வந்தேன். புகை இல்லாத காற்று முதலில் மூக்குக்குப் பிடிக்கவில்லை. அது சின்னக் கஷ்டம். பெரிய கஷ்டம் பயம். புது வீடு பயம், புதுத் தெரு பயம், எல்லாவற்றுக்கும் மேலே நாத்தனாரிடம் பயம்.

நாத்தனார் பெயர் பச்சையம்மாள். என் புருஷனுக்கு மூத்தவர், சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். மல்லாட்டை மண்டியில் கூலிக்கு நிலக்கடலை உடைத்துத் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். மல்லாட்டை உடைத்து உடைத்து அவர் கட்டைவிரல் நகம் கொட்டாங்கச்சி மாதிரி தடித்திருக்கும். அந்த நகத்தால் அவர் அடுப்பங்கரைச் சுவரைத் தட்டினால் நான் எழுந்து நின்றுவிடுவேன். தம்பிமேல் அவருக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது. அப்போதுதான் சுற்றுப்பட்ட கிராமங்களுக்கெல்லாம் கரண்ட் வந்துகொண்டிருந்தது. கம்பம் நட்டு, ஒயர் இழுத்து, முதல் பல்பு எரியும் அன்று லைன்மேனுக்கு மாலை போட்டு இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். “எந் தம்பி ஏறுன கம்பத்துலதான் இந்தத் தாலுக்காவே வெளிச்சமா கீது” என்று பச்சையம்மாள் தெருக்குழாயில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தத் தம்பிதான் எங்கள் வீட்டுக்காரர். பெயரைக் கேட்காதீர்கள், எழுத இப்போதும் கை கூசுகிறது. நல்ல உயரம். உள்ளங்கையில் இரும்பு வாசனை. பேச்சு மட்டும் கிடையாது. சோறு போட்டால் “போதும்” என்பார். எங்களுக்குள் அந்த ஒரு சொல்தான் புழங்கியது. தூக்கத்தில் மட்டும் எப்போதாவது “புடி, புடி” என்று கத்துவார். காலையில் எழுந்தால் சுவரைப் பார்த்தபடி இருப்பார். என்னைப் பிடிக்கவில்லை, அதைச் சொல்ல முடியாமல்தான் தூக்கத்தில் கத்துகிறார் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பயந்தவளுக்கு எல்லாக் கணக்கும் தன் பக்கமாகவே வந்து முடியும்.

ஆவணியில் ஒருநாள் பச்சையம்மாள் சொன்னார்: “பெருமுக்கல் மலைக்கி ஒரு வேண்டுதல் கீது. கல்யாணம் ஆனதும் ரெண்டு பேரையும் கூட்டிக்கினு வந்து சூடம் ஏத்தறேன்னு வேண்டிக்கினேன். ஞாயித்துக்கெழம போயிட்டு வந்துடலாம்.” எதற்காக வேண்டிக்கொண்டார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கூறைப்புடவையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். கட்டிக்கொண்டேன்.

மரக்காணம் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். பெருமுக்கல் மலையைப் பார்த்திருக்கிறீர்களா? தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பாறைகளைக் கூடையில் அள்ளிவந்து கொட்டிவிட்டுப் போனது போல இருக்கும். உச்சியில் கருங்கல் கோயில். சுற்றிலும் இடிந்த கோட்டைச் சுவர். வெள்ளைக்காரர்கள் ஒருவரோடொருவர் பீரங்கி வைத்து அடித்துக்கொண்ட இடம் என்பார்கள். எனக்கு அன்று பீரங்கியைப் பற்றி நினைக்க நேரமில்லை. அடிவாரத்திலேயே பச்சையம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்னால முடியாதுப்பா. நீங்க ரெண்டு பேரும் போயி சூடம் ஏத்திட்டு ஜல்தியா வாங்க. மேக்கால கருத்துக்கினு வருது.”

எங்கள் வீட்டுக்காரரோடு நான் தனியாக வெளியே போவது அதுதான் முதல் தடவை. அவர் முன்னால் விறுவிறுவென்று ஏறினார். நான் பூஜைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால். பாதி வழியில் ஒரு குரங்கு வந்து பையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் குரங்கே பழத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடியது. அவர் திரும்பிப் பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்ததோ என்னவோ. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினார்.

அதற்கு மேலே வந்ததுதான் அந்த இடம். ஒரே பாறை, சாய்வாக இறங்கும். அதில் கால் வைக்கச் சின்னச் சின்னப் பள்ளமாகச் செதுக்கியிருந்தார்கள். பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆகாயம். ஆடு மேய்க்கிறவர்கள் அதை வழுக்குப்பாறை என்பார்களாம். நான் நாலு காலில் ஏறினேன். அவரும் குனிந்து, பாறையையே பார்த்துக்கொண்டு ஏறினார்.

உச்சியில் நல்ல காற்று. சூடம் நிற்காமல் அணைந்து அணைந்து போய்க் கடைசியில் எரிந்தது. நான் சுவரோரம் போய் நின்று பார்த்தேன். ஏரி, ஏரியாகத் தண்ணீர், பனைமரங்கள், கிழக்கே வானத்தின் அடியில் பட்டையாக ஒரு நீலம். “ஏங்க, அது கடலாங்க?” என்று கேட்டேன். அதுவரை நானாக அவரிடம் எதுவும் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால், கோயிலுக்குள்ளே ஒரு தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என் கூட நின்று கடல் பார்க்கக்கூட இஷ்டமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பூஜைப் பையை மடித்தேன்.

அப்போதுதான் இடி இடித்தது. மேற்கே செஞ்சிப் பக்கம் முழுக்கக் கறுப்பு. இறங்கத் தொடங்கினோம். வழுக்குப்பாறைக்கு வந்து சேரவும் தூறல் விழவும் சரியாக இருந்தது. நாளெல்லாம் வெயில் குடித்த பாறை. அதிலிருந்து அந்த வாசனை கிளம்பியது.

அவர் நின்றார். பிறகு உட்கார்ந்தார். பிறகு குப்புறப் படுப்பது போலப் பாறையோடு ஒட்டிக்கொண்டார். விரல்களெல்லாம் பாறையைப் பிறாண்டின. உடம்பு முழுக்க உதறியது.

“ஏங்க, இன்னா ஆச்சி? காலு சுளுக்கிக்கிச்சா?”

முகத்தைப் பார்த்தேன். கண் என்னைப் பார்க்கவில்லை. வலிப்போ என்று நினைத்தேன். மலையில் இருக்கிற ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். கீழே பச்சையம்மாள் எறும்பு மாதிரிகூடத் தெரியவில்லை. கத்தினாலும் இடிச்சத்தத்தில் கேட்காது. மழை வலுத்தால் அந்தப் பாறையில் தண்ணீர் ஓடும், கால் பள்ளமெல்லாம் நிறையும். மின்னல் வேறு. மொட்டைப் பாறையில் எங்களைவிட உயரமாக ஒன்றும் இல்லை.

“கால் வரல” என்றார் கடைசியில். குரல் அவர் குரலாகவே இல்லை. “எறங்க மாட்டேங்குது. கீழ பாத்தா அவன் வுழுறான்.”

“யாருங்க வுழுறது? இங்க யாரும் இல்லீங்களே!”

“ஏழுமல. எங்கூட வேல செஞ்சவன். விக்கிரவாண்டியாண்ட, போன மார்கழில. மழ வுட்ட நேரம். கம்பம் ஈரம். நான் கீழ கயித்தப் புடிச்சிக்கினு நிக்கறேன். வழுக்கிடிச்சி. எங் காலண்டதான் வந்து வுழுந்தான். புடின்னு கத்துனான். இன்னான்னு புடிப்பேன்?”

தூக்கத்தில் வரும் “புடி, புடி” யாருடைய சொல் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“அதுக்கப்புறமும் கம்பம் ஏறுறீங்களேங்க?”

“தெனமும் ஏறுறேன். தெனமும் செத்துட்டுத்தான் எறங்கறேன்.”

கீழே வயலில் ஒரு பனைமரத்தில் இடி விழுந்தது. கண் முன்னால் வெளிச்சம் வெடித்தது. நான் அலறிவிட்டேன். அவர் இன்னும் இறுக்கமாகப் பாறையை அணைத்துக்கொண்டார். அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்த மனிதர் என்னைவிடப் பயந்தவர். இங்கே இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தால் இரண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அது அப்படியேதான் இருந்தது. அதைச் சற்று அந்தப் பக்கம் தள்ளி உட்காரவைத்தேன், அவ்வளவுதான்.

“கம்பத்துலேர்ந்து எறங்கறப்ப இன்னா பண்ணுவீங்க?” என்று கேட்டேன்.

“எதுத்தாப்ல இருக்கற இரும்பப் பாத்துக்கினே எறங்குவேன்.”

“அப்ப பாறையப் பாருங்க. வேற எதியும் பாக்காதீங்க. நான் உங்களுக்குக் கீழ போறேன். நான் சொல்ற காலத்தான் எடுக்கணும்.”

கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாறைக்கு முகம் கொடுத்து, அவருக்குக் கீழே இறங்கினேன். அவர் கணுக்காலைப் பிடித்தேன். கல்யாணத்தன்று தொட்டுக் கும்பிட்ட கால். அது என் கையில் கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கியது.

“இடது கால கொஞ்சம் கீழ எறக்குங்க. இன்னும் கொஞ்சம். இதோ கீது பாருங்க பள்ளம். ஊனிக்கோங்க. இப்ப வலது காலு.”

அவர் காலைப் பள்ளத்தில் வைப்பேன். பிறகு என் காலுக்குப் பள்ளம் தேடுவேன். என் காலுக்கு வழி சொல்ல யாரும் இல்லை. தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன். மழை முகத்தில் அடித்தது. அவர் வழுக்கினால் என்மேல்தான் விழுவார், பிறகு இரண்டு பேரும் ஆகாயத்தில்தான். அதை நினைக்காமல் இருக்க வாய் ஓயாமல் பேசினேன். விழுப்புரத்தில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிப்பதை, அப்பாவின் கரிச்சட்டையைத் துவைப்பதை, எதையெதையோ. அவ்வளவு பேச்சு எனக்குள் இருந்ததே அன்றுதான் எனக்குத் தெரியும்.

பாறை முடிந்து மண்ணில் கால் பட்டதும் அவர் ஒரு புதர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். நான் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டுப் பார்த்தால் கூறைப்புடவை முழங்காலில் கிழிந்து, முட்டியில் ரத்தம்.

அடிவாரத்தில் பச்சையம்மாள் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கிழிசல்தான். “ஐயோ, கூரப்பொடவய கிழிச்சிக்கினு வந்து நிக்கறாளே! கல்யாணம் ஆயி ரெண்டு மாசம் ஆவல!”

“நான் வழுக்கி வுழுந்துட்டேன் அண்ணி” என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மறுநாள் காலையில் சைக்கிளை எடுக்கும்போது, வாசலில் நின்று, “இந்தாம்மே, இன்னிக்கி மயிலம் பக்கம் வேல” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள், “இன்னிக்கி ஒலக்கூர்.” அன்றிலிருந்து தினமும் எந்த ஊர்க் கம்பத்தில் ஏறப்போகிறார் என்று சொல்லாமல் அவர் கிளம்பியதில்லை. புருஷன் பேச ஆரம்பித்துவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான். ஆனால் அதோடு கூட எனக்குப் பகல் முழுக்க அடிவயிறு கலங்க ஆரம்பித்தது. அரிசி களையும்போது மயிலத்தில் ஒரு கம்பம் கண்ணில் நிற்கும். கேப்பைக் களி கிண்டும்போது ஒலக்கூரில் அவர் கால் வழுக்கும். சைக்கிள் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். கம்பம் ஏற வேண்டாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “ஏறாத லைன்மேனுக்கு எவன் சம்பளம் குடுப்பான்? அக்கா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?” என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

கார்த்திகையில் புயல் அடித்தது. என் மகள் அப்போது வயிற்றில். ஊரில் பாதிக் கூரை பறந்தது, டிரங்க் ரோட்டுப் புளியமரங்கள் குறுக்கே விழுந்து பஸ் நின்றுவிட்டது. காற்று ஓய்ந்ததும் லைன்மேன்களை எல்லாம் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். “பிரம்மதேசம் பக்கம் போறோம்” என்று சொல்லிவிட்டுப் போனவர் மறுநாள் காலை வரை வரவில்லை. அப்போது தெருவில் ஒரு ஆள் சொல்லிக்கொண்டு போனான்: “பிரம்மதேசத்தாண்ட ஒரு லைன்மேன் செத்துட்டானாம்பா.”

பச்சையம்மாள் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. அந்த அம்மாள் பயந்து நான் பார்த்தது அன்றுதான். “நீ இரு, நான் போயி பாத்துட்டு வர்றேன். வயித்துப்புள்ளக்காரி” என்றார். “நானும் வர்றேன்” என்றேன். அவர் பேச்சை மீறியது அதுதான் முதல்.

பாதித் தூரம் ஒரு மாட்டுவண்டி, மீதித் தூரம் நடை. விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டும், அறுந்து கிடந்த ஒயர்களைத் தாண்டாமல் வயலுக்குள் இறங்கியும் நடந்தோம். எதிரே வருகிறவர்களிடம் கேட்கவும் பயம். என்ன சொல்லிவிடுவார்களோ! பச்சையம்மாள் என் கையைப் பிடித்திருந்தார். அந்தத் தடித்த நகம் என் உள்ளங்கையில் பதிந்து வலித்தது. விடச் சொல்லத் தோன்றவில்லை.

பிரம்மதேசத்துக்கு முன்னால் ஒரு கம்பத்தடியில் ஆட்கள் நின்றிருந்தார்கள். செத்தது லைன்மேன் இல்லை. பனைமரம் விழுந்து ஒரு எருது செத்திருந்தது. செய்தி ஊர் ஊராக வரும்போது எருது லைன்மேன் ஆகிவிட்டது. பச்சையம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து பெருமுக்கல் மலை இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். “எந் தம்பி எங்க?” என்றார். ஒருவர் மேலே கை காட்டினார்.

கம்பத்தின் உச்சியில் அவர். ஈர இரும்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் வைத்திருந்தார்.

“இன்னாப்பா, மேலயே குடித்தனம் பண்ணப்போறியா?” என்று மேஸ்திரி கீழிருந்து சத்தம் போட்டார். ஆட்கள் சிரித்தார்கள். வேலை செய்கிறார், மெதுவாகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது. அந்த விரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

அத்தனை ஆண்கள் நிற்கும் இடத்தில் நான் வாய் திறந்து பேசியதே கிடையாது. நேரே கம்பத்தடிக்குப் போனேன். “யாரும்மா நீ? தள்ளி நில்லு” என்றார் மேஸ்திரி. நான் அண்ணாந்து பார்த்துச் சொன்னேன்:

“ஏங்க, நான்தாங்க. இரும்பப் பாருங்க. இடது கால கொஞ்சம் கீழ எறக்குங்க.”

மேலே அசைவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி கையைக் காட்டி அடக்கினார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“இன்னும் கொஞ்சம். அப்பிடித்தான். இப்ப வலது காலு. அவசரம் ஒண்ணும் இல்ல, நான் இங்கதான் நிக்கறேன்.”

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. என் கழுத்து இறுகிவிட்டது. வயிற்றில் பிள்ளை முதல் தடவையாக அசைந்தது. கணுக்கால் என் கைக்கு எட்டியதும் பிடித்துக்கொண்டேன். மண்ணில் இறங்கியவர் யாரையும் பார்க்கவில்லை. மேஸ்திரி ஒரு பீடியைப் பற்றவைத்து அவர் கையில் கொடுத்தார். “ஏழுமல வுழுந்தப்ப நானுந்தானேப்பா அங்க இருந்தேன்” என்று மட்டும் சொன்னார். பிறகு என்னிடம், “கூட்டிக்கினு போம்மா. ஆபீசுல நான் சொல்லிக்கறேன்” என்றார்.

மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்தோம். தம்பியின் பெருமை எல்லாம் என்னால் போயிற்று, இன்றைக்கு எனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தேன். பச்சையம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அவன் தூக்கத்துல கத்தறது எனக்குத் தெரியும்டி. அந்தப் பயம் போவணும்னுதான் மலைக்கி வேண்டிக்கினேன். மல மேலயே ஏறவுட்டா பயம் தெளிஞ்சிடும்னு நெனச்சேன்.” குச்சியால் தணலைக் கிளறினார். “அன்னிக்கி நீ வழுக்கி வுழல, இல்ல?”

அவர் என் முட்டியில் இருந்த பழைய தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனார். மறுவாரம் மண்டியிலிருந்து வரும்போது எனக்கு ஒரு புடவை வாங்கிவந்தார். பாசிப்பச்சை. எனக்குப் பிடிக்காத நிறம். நைந்து கிழியும் வரை கட்டினேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு மீட்டர் கணக்கெடுக்கும் வேலை போட்டுக் கொடுத்தார்கள். கூட இருந்தவர்கள் மேலே மேலே போனார்கள். இவர் சைக்கிளிலேயே இருந்தார். ‘முந்தானை மீட்டர்’ என்று அவருக்கு ஒரு பட்டப்பெயரும் விழுந்தது. அது காதில் விழுந்தால் சைக்கிள் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார். தூக்கத்தில் கத்துவது குறைந்து குறைந்து, மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் நின்றே போனது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அந்த மலை ஊரில் தூறல் நின்றிருந்தது. மகள் எனக்கு முன்னால் இறங்கினாள், ஒவ்வொரு படிக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

இப்போது பிரம்மதேசம் ரோட்டில் அந்தக் கம்பம் இல்லை. சிமெண்ட் கம்பம் வந்துவிட்டது. டிரங்க் ரோடு அகலமாகிப் புளியமரங்கள் போய்விட்டன. மல்லாட்டை மண்டி இருந்த இடத்தில் செல்போன் கடை. திண்டிவனத்தைச் சுற்றி இருந்த சின்னச் சின்னக் குன்றுகளை உடைத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பச்சையம்மாள் போய் எத்தனையோ வருஷமாகிறது. எங்கள் வீட்டுக்காரரும் போய்விட்டார், கட்டிலில், பகல் தூக்கத்தில், ஒரு சத்தமும் இல்லாமல்.

அவர் இறந்த அதே வருஷம் ஒரு புயல் வந்தது. கரண்ட் இல்லை, தெருவெல்லாம் தண்ணீர், வாசலில் இருந்த முருங்கை சாய்ந்துவிட்டது. சாயங்காலம் ஜெர்மனியிலிருந்து மகள் போன் செய்தாள். “அம்மா, தனியா இருக்கியே, பயமா இருக்குதா?” என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். காற்று ஜன்னலைப் போட்டு அறைந்துகொண்டிருந்தது. என் அடிவயிறு அசையாமல் கிடந்தது. எந்த ஊர்க் கம்பத்திலும் எனக்கு யாரும் இல்லை.

“இல்லம்மா” என்றேன். அதற்கு மேலே பேச முடியாமல் போனை வைத்துவிட்டேன்.